இரவு இரண்டு மணிக்கு மூச்சு பார்ப்பவருக்கு

கேள்வி: எங்கள் வீட்டில் பட்டாணி என்று ஒரு ஆண் கினிப்பிக் (கொறித்துத் தின்னும் சின்னச் செல்லப்பிராணி) இருக்கிறான். நாலு வயது. மூன்று வாரத்துக்கு முன்பு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான், தாடையெல்லாம் எச்சில். முதலில் போன இடத்தில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் முன்பல்லைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது டாக்டர்தான் மயக்க மருந்து கொடுத்து, கடைவாய்ப் பல் நாக்கில் குத்திக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துத் தேய்த்துவிட்டார். 940 கிராம் இருந்தவன் இப்போது 810. நாள் முழுக்க சிரிஞ்சில் ஊட்டுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து, மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். இதுவரை ஒன்பதாயிரம் ரூபாய் ஆகிவிட்டது. "ஒரு எலிக்கு இவ்வளவா?" என்கிறார் மாமியார். அவர் உசிலம்பட்டிப் பக்கம் ஆடு மாடோடு வளர்ந்தவர். நான் தீனி சரியாகப் போடாததால்தான் இப்படி ஆனதோ என்று நினைத்தாலே அழுகை வருகிறது. அடுத்த வாரம் மறுபடியும் மயக்கம் கொடுத்துப் பல்லைப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். சம்மதிக்கலாமா? ஆறாவது படிக்கும் மகளிடம் என்ன சொல்வது? நான் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறேனா?
— வாசகி, திருநகர், மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கவலைப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் கவலைப்படுகிறீர்கள். ஆனால் அந்தக் கவலைக்கு நீங்கள் கொடுத்திருக்கும் வேலை தப்பான வேலை. ராத்திரி இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்ப்பதால் பட்டாணிக்கு ஒரு நன்மையும் இல்லை. கழுகுக்கும் நரிக்கும் இரையாகிப் பழகிய இனம் அது. இருட்டில் மேலிருந்து ஒரு கை இறங்கினால் அதன் இதயம் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். நீங்கள் மூச்சைச் சோதிக்கிறீர்கள், அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் தூக்கம் போச்சு.

இரை விலங்கு நோயைக் காட்டிக்கொள்ளாது. கூட்டத்தில் தளர்ந்தது எது என்று தெரிந்தால் முதலில் மாட்டுவது அதுதான். அதனால் கினிப்பிக் சோர்ந்து உட்காரும் நேரத்தில் நோய் முற்றியிருக்கும். நீங்களோ எச்சிலைப் பார்த்த உடனே கிளம்பியிருக்கிறீர்கள், ஒரு கதவு சாத்தியதும் அடுத்த கதவைத் தட்டியிருக்கிறீர்கள். கால்நடை டாக்டரான என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், "நாலு நாளா ஒண்ணும் திங்கலை சார்" என்று அட்டைப்பெட்டியோடு வருகிறார்கள். நாலு நாள்! கினிப்பிக்குக்கு அரை நாள், அதிகம் போனால் ஒரு நாள் வயிறு காலியாக இருந்தாலே குடல் ஓட்டம் நின்றுபோகும். பட்டாணி இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் உங்கள் கண்.

அந்தக் கண்ணுக்கு இனிமேல் இரண்டு வேலை. முதலாவது, எடை. சமையலறையில் வைக்கிற டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் சுத்தமாகக் காட்டுகிறது, போதும். தினமும் காலையில், முதல் வேளை ஊட்டுவதற்கு முன்பு, அதே எவர்சில்வர் குண்டானில் உட்கார வைத்து நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வயிறும் மூத்திரப்பையும் நிரம்பியிருக்கிறதா காலியா என்பதைப் பொறுத்து பத்து இருபது கிராம் இப்படி அப்படி ஆடும், அதற்குப் பதற வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து இறங்கினாலோ, ஒரே நாளில் ஐம்பது கிராம் போனாலோ டாக்டருக்குப் போன் போடுங்கள். அவன் இழந்திருப்பது 130 கிராம், அதாவது பழைய எடையில் ஏழில் ஒரு பங்கு. சின்ன நஷ்டம் இல்லைதான். ஆனால் இதைவிட மோசமாக இளைத்துத் தேறிய கினிப்பிக்குகளைப் பார்த்திருக்கிறேன். 810 என்ற அந்த எண் இனி ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்பதில்தான் முக்கால்வாசி பதில் இருக்கிறது.

இரண்டாவது, புழுக்கை. பழைய வெள்ளை வேட்டியைக் கூண்டில் விரித்தால் நன்றாகத் தெரியும். உருண்டு திரண்டு ஒரே அளவாக இருந்தால் குடல் ஓடுகிறது. சின்னதாக, காய்ந்து, ஒரு முனை கூம்பியோ ஒன்றோடொன்று நூல் கோத்ததுபோலவோ வந்தால் குடல் மந்தமாகிறது. எண்ண வேண்டியதில்லை, பார்த்தால் போதும். (தன் புழுக்கையில் ஒரு வகையை அது திரும்ப வாயில் வாங்கித் தின்னும். அருவருப்பாக இருக்கலாம், அதன் உடம்புக்கு அது தேவை. தடுக்காதீர்கள்.)

ஊட்டும் நேரத்தையும் கட்டிப்போடுவோம். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான் கணக்கு. சொல்லவில்லை என்றால், காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு வேளை, கடைசி வேளை இரவு பதினொன்று. இடையில் ஆறு மணி நேரம் நீங்கள் தூங்க வேண்டும். பெல்லட்டை (கினிப்பிக்குக்கென்று கடையில் விற்கும் குச்சித் தீனி) பொடித்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த கூழ், நாளைக்கு மொத்தம் 40 முதல் 60 மில்லி வரை. முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, அரை மில்லி விட்டு, அவன் மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்தது. மல்லாக்கப் படுக்கவைத்தோ அவசரப்பட்டோ ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். பால், ரசஞ்சாதம், குழந்தைக்குக் கரைக்கும் பாக்கெட் மாவு எதுவும் வேண்டாம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்தக் குடல் புல்லுக்குப் பழகியது.

தீனி விஷயத்துக்கு வருகிறேன், உங்களை அழவைப்பது அதுதான் என்பதால். கினிப்பிக்குக்கு இருபது பல். இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க நார்ப்புல்லை அரைத்தால்தான் வளர்ச்சியும் தேய்மானமும் சமமாகும். புல் குறைந்து, விதைக் கலவையும் வெள்ளரிக்காயும் அதிகமானால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து, நாக்கின் மேல் பாலம் கட்டினதுபோல் வளர்ந்துவிடும். முழுங்க முடியாது, எச்சில் வடியும். ஆனால் எல்லாப் பல் கோளாறும் தீனியால் வருவதில்லை. பிறவியிலேயே தாடை கோணலாக இருக்கும் கினிப்பிக்குகள் உண்டு. வைட்டமின் சி குறைவதும் ஒரு காரணம். மனிதனைப் போலவே இந்தப் பிராணியின் உடம்பாலும் அதைத் தயாரித்துக்கொள்ள முடியாது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர், வேறொரு நோயை ஆராயப்போன இடத்தில் கினிப்பிக்குகளுக்கு, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்ததைப் பார்த்தார்கள். கப்பல்காரர்களைக் கொன்ற அந்த நோயின் காரணம் பிடிபட அது பெரிய வழியாக அமைந்தது. நமக்கு அவ்வளவு செய்த பிராணிக்கு நாம் குடைமிளகாய் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

விற்கிற கடைக்காரருக்கே தெரியாததை நீங்கள் தெரிந்துகொண்டிருக்க வாய்ப்பில்லை. பட்டாணியின் பல்லுக்கு உங்கள் தீனிதான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னாலும்தான். இனிமேல் செய்வதை மட்டும் சொல்கிறேன். பிள்ளையார் கோவில் வாசலில் கட்டுக்கட்டாக விற்கும் அருகம்புல்லை வாங்கி நன்றாக அலசிப் போடுங்கள், எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். சாலையோரத்தில் பிடுங்க வேண்டாம், அங்கே தெருநாய்களும் களைக்கொல்லியும் உண்டு. வைக்கோல் படுக்கைக்குச் சரி, வயிற்றுக்குப் போதாது. நலமான கினிப்பிக்குக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும், நோயாளிக்கு அதைவிடக் கூடுதல். கால் குடைமிளகாயில் கிட்டத்தட்ட ஒரு நாள் தேவை கிடைத்துவிடும். இப்போது கடிக்க முடியாதவனுக்கு மெல்லிசாகச் சீவிக் கொடுங்கள். சொட்டு மருந்து கொடுக்கச் சொன்னால் நேராக வாயில் விடுங்கள். தண்ணீர் பாட்டிலில் கலந்தால் வெளிச்சத்தில் வீணாகும், ருசி மாறித் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வான்.

முன்பல்லைப் பார்த்து அனுப்பிய அந்த இரண்டாவது டாக்டர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, வரிகளிலேயே தெரிகிறது. நியாயம்தான். ஆனால் இந்தக் குட்டி வாயில் கன்னச் சதை உள்ளே மடிந்து கடைவாயை மூடிக்கொண்டிருக்கும். மயக்கமோ தகுந்த கருவியோ இல்லாமல் முழுதாகப் பார்க்கவே முடியாது. நாங்கள் படித்த காலத்தில் கினிப்பிக் என்றால் பரிசோதனைக்கூடப் பிராணி. அதற்கு வைத்தியம் பார்க்க ஆள் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று எங்களில் யார் நினைத்தோம்?

என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன்பு ஒரு கல்லூரிப் பையன் சளி பிடித்த கினிப்பிக்கைக் கொண்டுவந்தான். நாய்க்குட்டிக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பையே எடைக்குக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கழிச்சல், நாலாம் நாள் செத்துப்போனது. பென்சிலின் குடும்பத்து மருந்தை வாய்வழி கொடுத்தால் அதன் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி விஷம் கக்கும் என்பதை அன்றிரவு புத்தகத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். பையன் வந்து சொன்னபோது சண்டை போடவில்லை. "பரவாயில்லை சார், நீங்க ட்ரை பண்ணீங்க" என்றான். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டாக்டரிடம் கேளுங்கள். நம் ஊரில் டாக்டரைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கப் போனில் தேடிப் பயப்படுவோம், எதிரில் இருப்பவரிடம் கேட்க மாட்டோம். "டாக்டர், இந்த மருந்து கினிப்பிக்குக்கு ஒத்துக்குமா?" என்று ஒரு வரி போதும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளின்டமைசின், எரித்ரோமைசின் இவற்றில் ஏதாவது சீட்டில் இருந்தால், கொடுப்பதற்கு முன்பே போன் போட்டுக் கேளுங்கள். வலிக்கு மருந்து உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். நாக்கில் புண் இருக்கிறவன் பல் சரியானாலும் வலியால் தின்னமாட்டான். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே பார்த்துச் சொல்கிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் மூன்றாவது டாக்டர் அந்த ரகம் என்று தோன்றுகிறது. இனி அவர் ஒருவர், உங்கள் நோட்டு ஒன்று. வேறு பத்துப் பேர் யோசனை வேண்டாம்.

மாமியார் விஷயம். அவரை எதிர்க்கட்சியில் உட்கார வைத்துவிட்டீர்கள், எனக்கென்னவோ அவர் உங்களுக்குக் கிடைத்த நல்ல நர்ஸ் என்று படுகிறது. ஆட்டோடு வளர்ந்தவருக்கு "அசைபோடாத ஆடு" என்றால் என்ன என்று தெரியும். ஆடு அசைபோடவில்லை என்றால் அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. "அத்தை, இது அசைபோடுற சாதி இல்லை, ஆனா இதுக்கும் வாய் நின்னா வயிறு நின்னுரும்" என்று அவர் பாஷையில் சொல்லிப் பாருங்கள். அருகம்புல் ஆய்ந்து கொடுக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். பாலமேட்டுக்காரர் ஒருவர் தன் ஜல்லிக்கட்டுக் காளைக்குக் காய்ச்சல் என்றால் தொழுவத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுப்பார். ஒரு மாட்டுக்கு இவ்வளவா என்று அவரை யாரும் கேட்டதில்லை. உங்கள் பிராணி ஒரு கிலோகூட இல்லை என்பதால் கேட்கிறார்கள். (தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப்பக்கம் இதைக் கறிக்காகவே வளர்க்கிறார்கள் என்ற தகவல் மாமியாருக்கு மட்டும் தெரிந்தால் போதும், பாப்பாவுக்கு வேண்டாம்.)

ஆனால் பணத்தைப் பற்றி அவர் எழுப்பும் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். இந்தப் பல் நோய் ஒரு தடவை தேய்த்தால் தீர்ந்துவிடும் என்பது நிச்சயமில்லை. சிலருக்கு ஓரிரு தடவையில் சரியாகிறது, சிலருக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, வேர்ப்பக்கம் வளர்ந்துவிட்டால் அதுவும் உதவாது. மண்டை எக்ஸ்ரே எடுத்தால் ஓரளவு தெரியும். ஆகவே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இன்றைக்கே உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு நம்மால் முடியும் என்று ஒரு தொகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதை டாக்டரிடமும் சொல்லுங்கள். கூண்டு பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கும்போது போடுகிற கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும். பணம் முடிகிற இடத்தில் வைத்தியம் முடிவது பாவமில்லை.

மகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "பட்டாணிக்குப் பல் நோய், டாக்டர் பார்க்கிறார், பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்." ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு இது புரியும். ஊருக்கு அனுப்பிட்டோம் மாதிரிப் பொய்கள் அன்றைய அழுகையைத் தள்ளிப்போடும், பிறகு எப்போது தெரிந்தாலும் உங்கள் மேல்தான் கோபம் திரும்பும். எடையை நோட்டில் எழுதும் வேலையை அவளிடமே கொடுங்கள். அவள் இன்றைக்குத் தூங்கட்டும் என்று எழுப்பாமல் விடாதீர்கள், பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம்தான்.

இப்போது மயக்க மருந்து. பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். 2008-ல் பிரிட்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்து தொடர்பாக இறந்தவை நாயில் 0.17 சதவீதம், பூனையில் 0.24, முயலில் 1.39, கினிப்பிக்கில் 3.8. நாயைவிட இருபது மடங்குக்கு மேல். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது கஷ்டம், வரும்போதே பாதி உயிராக வருகிறது. அதே கணக்கின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. பட்டாணியும் ஒருமுறை எழுந்து வந்தவன்தான். மயக்கத்துக்கு முன் ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இது வாந்தி எடுக்காத பிராணி, நீண்ட பட்டினி குடலைத்தான் நிறுத்தும். வாயில் கூழ் ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காகச் சில மணி நேரம் நிறுத்துவது வேறு. மயக்கத்தில் உடம்பைச் சூடாக வைக்க என்ன ஏற்பாடு, எழுந்த பிறகு எத்தனை மணிக்குள் ஊட்ட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுப் பிராணியாக இருந்தால் என்ன செய்வேன்? நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். அடுத்த வாரத்துக்குள் எடை 810-லேயே நின்றாலோ ஏறினாலோ, கொத்தமல்லித் தண்டைத் தானாகக் கவ்வினாலோ, சம்மதிப்பேன். ஐந்து முதல் எட்டு வயது வரை வாழக்கூடிய பிராணி, இவனுக்கு நாலுதான் ஆகிறது. ஊட்ட ஊட்ட எடை இறங்கிக்கொண்டே போனால், முதுகைக் குறுக்கிக்கொண்டு பல்லை நறநறவென்று அரைத்தபடி கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தால், மயக்கத்துக்கு முன் டாக்டரிடம் இன்னொரு கேள்வி கேட்பேன்: இவனுக்கு வலியில்லாமல் முடித்துவிடுவது நல்லதா? அந்தக் கேள்வியைக் கேட்பது துரோகமில்லை. வாய்விட்டுக் கேட்க முடியாவிட்டால் நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சமைக்க முடியவில்லை, எதைத் தொட்டாலும் அழுகை என்றால் அது பட்டாணி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். கினிப்பிக்குக்காகவா என்று சிரிக்கமாட்டார்கள்.

வெயில் நாளாக இருந்தால் டாக்டரிடம் போகும் பயணமே ஆபத்து. கினிப்பிக்குக்கு 18 முதல் 24 டிகிரி சுகம், 30-ஐத் தாண்டினால் திணறும். நம் ஊர் சித்திரை வெயில் 40-ஐத் தொடும். காலை எட்டு மணிக்குள் கிளினிக்கில் இருக்கிற மாதிரி நேரம் வாங்குங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூடையின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், வேண்டாமென்றால் அவன் அடுத்த பக்கம் தள்ளிக்கொள்ள இடம் வேண்டும். ஆட்டோவில் போனால் நடுவில் உட்கார்ந்து, மேலே மெல்லிய பருத்தித் துணி. எக்ஸ்ரேயோ பெரிய வேலையோ தேவைப்பட்டு வெளியூர் அனுப்பினால், தேனியிலும் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சிறு பிராணி பார்ப்பவர் அன்றைக்கு இருக்கிறாரா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்காமல் கிளம்பாதீர்கள். கூடையில் ஒரு கைப்பிடி அருகம்புல், அவன் படுத்த பழைய துணி, சிரிஞ்சு, கூழ், நோட்டு. நோட்டை மட்டும் கூடைக்குள் வைக்காதீர்கள், பசி வந்திருந்தால் அதையும் தின்றுவிடுவான்.